வெடிக்காமல் போனால்

சூப் வந்துவிட்டது, ஞானாதிக்கம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து ஒரு வாக்கியம் மீன்முள்ளாகத் தொண்டையில் குத்திக்கொண்டு நிற்கிறது, முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்தப் புதுக் குண்டை ஊர்மேல் போடுவதற்கு முன்னால் ஆளில்லாத ஒரு தீவில் வெடித்துக் காட்டுவோம், எதிரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுவோம், பார்த்தபிறகும் சரணடைய மாட்டேன் என்றால் அப்புறம் யோசிப்போம். இவ்வளவுதான் வாக்கியம். சிகாகோவில் ரயிலேற்றிவிட வந்த, ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற மிர்ஸ்கி அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "சாம், அந்த அறைக்குள் நம்மில் ஒருத்தனைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. இனிமேல் கூப்பிடவே மாட்டார்கள். சொல்லிவிடு. சொல்லாமல் மட்டும் வந்துவிடாதே." சாமுவேல் ஞானாதிக்கம் என்ற பெயரில் சாமுவேலில் பாதிதான் வெள்ளைக்காரர் நாக்குக்கு எட்டியது, மீதியைத் திருநெல்வேலிச் சீமையிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கூடிப் பேசிப் பேசி, பூனைக்கு மணி கட்ட ஆள் தேடி, கடைசியில் கூப்பிடப்பட்டவன் கழுத்திலேயே மணியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது வாஷிங்டனில், சன்னல்களை அடைத்த ஒரு சாப்பாட்டு அறையில், மே மாதப் புழுக்கத்தில் பூனையோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சூப் குடிக்கிறான். பூனை என்றால் ஹார்வுட். குண்டைப் பற்றி முடிவெடுக்கிற கமிட்டியின் தலைவர், எழுபதைத் தாண்டியவர், தும்பைப்பூவாக நரைத்த தலை, யாரையும் கடிந்து பேசாதவர். அவருக்கு வலது பக்கம் ஜெனரல். எதிரே லிண்ட்குவிஸ்ட், ஞானாதிக்கத்தின் தலைமை விஞ்ஞானி, எட்டு வருஷமாக அவன் கணக்குகளைச் சரிபார்ப்பவர். கமிட்டியின் மற்ற ஆட்கள் அடுத்த மேஜைகளில் இருந்தார்கள். காலை முழுக்கப் பேசியாகிவிட்டது. எந்த ஊர், எந்த மாதம், முன்கூட்டி எச்சரிக்கலாமா கூடாதா என்றெல்லாம் பேசினார்கள், கூடாது என்று முடிவாயிற்று. போடலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அது ஏதோ போன வருஷமே யாரோ கேட்டு முடித்துவிட்ட கேள்வி மாதிரி. அவனிடம் கேட்டது கருவியின், குண்டுக்கு இங்கே அதுதான் பெயர், எடை எவ்வளவு, அதிர்ச்சி அலை எத்தனை மைல் போகும் என்பதுதான். கேட்டதற்குச் சொன்னான்.

இப்போது சொல்லலாமே என்றால் வாய் ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். அவன் அப்பா நாசரேத்துப் பக்கம் ஒரு சின்னக் கோவிலில் உபதேசியார், ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷன், வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் நீளமான ஜெபம் பண்ணுவார். ஜெபம் முடிந்து முதல் கவளம் வாய்க்குள் போய்விட்டால் பிறகு கடைசிக் கவளம் வரைக்கும் அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்கக்கூடாது. "சோத்துக்கு முன்னால உக்காந்து பேசப்பிடாது. என்ன அவசரம்னாலும் கை கழுவிட்டுச் சொல்லு." தம்பி செல்வின் மட்டும் புருவத்தாலேயே பேசுவான். ஒரு புருவம் தூக்கினால் மீன் இன்னொரு துண்டு வேண்டும், இரண்டும் தூக்கினால் அக்கா அழப்போகிறாள். கை கழுவும்போது காதுக்குள் சொல்வான், "அண்ணே, நான் செத்தே போனாலும் அப்பா சாப்ட்டு முடிச்ச பொறவுதான் ஒங்ககிட்ட சொல்லுவாவ, பாத்துக்கோங்க." என்ன பேச்சு அது. அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்தச் சனங்களோடு சாப்பிடுகிறான், இவர்கள் கல்யாணம் பேசுவதும் வேலையை விட்டுத் தூக்குவதும் எல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான், புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. கரண்டியைக் கையில் எடுத்தால் நாக்கு தானாக மடங்கிக்கொள்கிறது. சூப் முடியட்டும். சூப் முடிந்ததும் சொல்லலாம். சூப் முடிந்ததும் கதவு திறந்தது, வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுகிறவர் தட்டுகளை எடுக்க வந்தார், அவர் தலை தெரிந்த உடனே மேஜை முழுவதும் ஒரே வீச்சில் பேஸ்பால் பேச ஆரம்பித்தது. வெளியாள் உள்ளே வந்தால் பேஸ்பால், போனால் கருவி. இது இங்கே எழுதாத சட்டம். ஜெனரல்கூட "அந்தப் பையன் இடது கையால் எறிவதைப் பார்த்தீர்களா" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காலையில் ஒரு ஊரைப் பற்றிச் சொல்லும்போதும் இதே குரல்தான். மரவீடுகள், நெருக்கமாக, சுற்றிலும் மலை, கிண்ணம் மாதிரி அமைந்த ஊர், அலை வெளியே போகாமல் உள்ளேயே திரும்பி அடிக்கும் என்றார். அடிக்கும்தான். ஞானாதிக்கம் தலையாட்டினான், ஏனென்றால் அது அவனே போட்ட கணக்கு. போட்டபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வருகிற அலை நேரே போகிற அலையோடு கலந்து தடித்துப்போகும் என்று கண்டுபிடித்த அன்றைக்கு மிர்ஸ்கியைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.

இறைச்சி வந்தது. பரிமாறுகிறவர் அவனுக்கு மட்டும் கொஞ்சம் குனிந்து, "போதுமா சார்?" என்று கேட்டார். இரண்டு கறுத்த மனுஷர்கள் அந்த அறையில், ஒருவர் பரிமாறுகிறார், ஒருவன் அலை கணக்கிடுகிறான். போதும் என்றான். அவர் போனார், பேஸ்பாலும் போயிற்று. அவன் கத்தியை எடுத்தான், வைத்தான். செல்வின் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவன். பட்டாளத்தில் சேர வேண்டாம் என்று அக்கா கையைப் பிடித்து அழுதாள், கேட்கவில்லை, "அண்ணன் கேம்பிரிட்ஜ் போவும்போது நான் பாளையங்கோட்டை தாண்டப்பிடாதா" என்று கேட்டுவிட்டுப் போனவன். மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. கைதிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் திரும்பி வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. பாக்கியம் அக்கா எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியில்தான் முடிகிறது. யுத்தம் எப்பம்ல முடியும், நீ பெரிய எடத்துல இருக்க, ஒனக்குத் தெரியாமலா இருக்கும். தெரியும் அக்கா. இந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும். கருவி ஊர்மேல் விழுந்தால் ஒரு வாரத்தில் முடியும். தீவில் காட்டினால் ஒரு மாதம் ஆகலாம், முடியாமலேயும் போகலாம். ஒரு மாதத்தில் கஞ்சிகூட ஒழுங்காகக் கிடைக்காத கைதி எத்தனை பேர் சாவான். ஆக, சீக்கிரம் போடு என்று சொல்கிற ஒரு குரல் அவனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அது ஜெனரலின் குரல் இல்லை, அக்காவின் குரல். ஆனால் கைதிகளைத் துறைமுக ஊர்களில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று காலையில் அதே ஜெனரல்தான் சொன்னார், தவிர்க்க முடியாது என்று சேர்த்துச் சொன்னார். அப்படியானால் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே செல்வின் இருக்கலாம். மரக்கொட்டகையில், மூட்டை தூக்கிக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு. திரும்பி வருகிற அலை. அவன் எப்படிப் புரட்டினாலும் நெருப்பு இரண்டு பக்கமும் இருந்தது, நடுவில் எறும்பு தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடு, சந்தேகப்படுவார்கள். என்ன சந்தேகப்படுவார்கள். பயம் என்று வந்துவிட்டால் அதற்கு முகாந்திரம் வேண்டியதில்லை.

அவன் சொல்லவில்லை, கேள்விதான் அவனைத் தேடி வந்தது. ஹார்வுட் வாயைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாவதானமாக, "டாக்டர் லிண்ட்குவிஸ்ட், உங்கள் ஆட்களுக்கு வேறு ஏதோ யோசனை இருக்கிறதாமே? யாரோ சொன்னார்கள்" என்றார். லிண்ட்குவிஸ்ட் முள்கரண்டியால் ஒரு உருளைக்கிழங்கைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். "சாம் சொல்வான்." ஞானாதிக்கத்தின் வாயில் சோறில்லை, இறைச்சி, பாதி மென்றது. முழுங்கினான். கை கழுவாமல் பேசுகிறேன் அப்பா, மன்னியுங்கள். பேசினான். பேச ஆரம்பித்ததும் நன்றாகவே வந்தது, அவனுக்கே ஆச்சரியம். தீவு, கப்பல்களில் பார்வையாளர்கள், எதிரி நாட்டு விஞ்ஞானிகளையும் அழைப்பது, அவர்கள் வெடித்து எழும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் ராஜாவிடம் போய்ச் சொல்வது. "ஒரு ஊர் மிச்சமாகும், சார்" என்றான். ஊர் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று, ஹார்வுட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வயசாளி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பொய் இல்லை, அவன் கண்ணால் பார்த்தான். இந்த மனுஷனுக்கும் தூக்கமில்லை, இவரும் யாராவது ஒரு வழி சொல்ல மாட்டானா என்றுதான் காத்திருக்கிறார். ஜெனரல், "அந்தத் தீவுக்கு நம் கைதிகளைக் கொண்டுவந்து கட்டி வைத்தார்கள் என்றால்?" என்றார், ஹார்வுட் கையமர்த்தினார். அவர் கையமர்த்தினார்! நடந்துவிடும். நடந்துவிடும் போலிருக்கிறது, மிர்ஸ்கி. "நல்ல யோசனை" என்றார் ஹார்வுட். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உலகத்தையே கூப்பிட்டு உட்காரவைக்கிறோம். எதிரி தளபதிகள் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். விமானம் வருகிறது, போடுகிறது. வெடிக்காமல் போனால்?"

வெடிக்காமல் போனால். "இதுவரை ஒன்றையும் வெடித்துப் பார்த்ததில்லை அல்லவா?" என்றார் ஹார்வுட். பார்த்ததில்லை, எல்லாம் காகிதத்திலும் கரும்பலகையிலும்தான். "கணக்குப் போட்டவர் நீங்கள். வெடிக்காமல் போக வாய்ப்பு உண்டா, இல்லையா? உங்கள் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்." இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். மூன்று எழுத்து. லிண்ட்குவிஸ்ட் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், அந்தப் பார்வையில் என்ன இருந்தது, சொல்லிவிடு என்றா, சொல்லிவிடாதே என்றா, பிறகு எத்தனை தடவை யோசித்தும் பிடிபடவில்லை. ஆனால் பிழையளவு இல்லாமல் ஒரு எண்ணைச் சொல்வது அவன் தொழிலில் வேட்டி கட்டாமல் தெருவில் இறங்குவது மாதிரி. இருபது வருஷப் பழக்கம். இவ்வளவு என்றால் கூடவே இவ்வளவு கூடக் குறைய என்று சொல்ல வேண்டும், சொல்லாதவன் விஞ்ஞானி இல்லை, வியாபாரி. நேற்று வந்த மாணவன்கூட இல்லவே இல்லை என்று ஒரு விஷயத்தைச் சொல்லமாட்டான். வாய் தானாகத் திறந்தது, "சிறிய வாய்ப்பு உண்டு" என்றான். அதோடு விட்டானா? "நூற்றுக்கு இரண்டு, அல்லது மூன்று" என்று சேர்த்தும் சொன்னான், துல்லியமாக. ஹார்வுட் முகத்திலிருந்த வெளிச்சம் எழுந்து போயிற்று. அவர் கோபப்படவில்லை. பெருமூச்சுவிட்டு, "அப்படியானால் முடியாது. அவர்கள் சிரிப்பார்கள். யுத்தம் இன்னும் ஒரு வருஷம் நீளும்" என்றார். ஜெனரல் ஞானாதிக்கத்தின் தோளில் தட்டி, "நேர்மையான ஆள்" என்றார். கதவு திறந்தது. பரிமாறுகிறவர் பீச் பழம் வைத்த இனிப்புப் பணியாரத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். இடது கைப் பையன் இந்த வருஷம் தேறமாட்டான் என்று ஜெனரல் அபிப்பிராயப்பட்டார்.

பணியாரத்தில் முதல் துண்டு நாக்கில் கரைந்தபோதுதான் அது அவனுக்கு உறைத்தது. அட பாவி. அதே இரண்டு மூன்றுதானே ஊர்மேல் போடும்போதும்? தீவில் வெடிக்காமல் போகக்கூடிய கருவி ஊரிலும் வெடிக்காமல் போகும்தானே? அங்கே விழுந்து வெடிக்காமல் கிடந்தால் எதிரி அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்தே பார்த்துவிடுவான், அது சிரிப்பைவிட மோசமில்லையா? அந்த இரண்டு மூன்று காலையெல்லாம் எங்கே போயிருந்தது? ஊர் பெயரைச் சொன்னபோது, வெடிக்காமல் போனால் என்று ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை? பளிச்சென்று இருந்தது, ஒரு குழந்தை கேட்கக்கூடிய கேள்வி, இதைச் சொன்னால் ஹார்வுட் கரண்டியை இன்னொரு தடவை கீழே வைப்பார். ஆனால் பரிமாறுகிறவர் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். பேஸ்பால் நடந்துகொண்டிருந்தது. ஊற்றுங்கள் ஐயா, சீக்கிரம் ஊற்றிவிட்டுப் போங்கள், ஒரு ஊர் உங்கள் கெண்டியில் நிற்கிறது, உங்களுக்கு அது தெரியாது, தெரிந்தால் நீங்களே ஓடிவிடுவீர்கள். அவர் நிதானமாக ஊற்றினார், சர்க்கரை கேட்டார், கைத்துண்டை மடித்தார். ஞானாதிக்கம் ஹார்வுட்டையே பார்த்தான். தன்னை அறியாமல் இரண்டு புருவத்தையும் தூக்கினான். ஹார்வுட் கவனித்தார், கரிசனமாக முன்னால் சாய்ந்தார். "ஏன் டாக்டர், இனிப்பு பிடிக்கவில்லையா?" "நன்றாக இருக்கிறது சார்" என்றான். அவர் சிரித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், அவர் எழுந்ததும் நாற்காலிகள் எல்லாம் எழுந்தன, பரிமாறுகிறவர் இன்னும் அறையில்தான் இருந்தார். கை கழுவிட்டுச் சொல்லு. கை கழுவின இடத்தில் கேட்க யாரும் இல்லை.

தாழ்வாரத்தில் லிண்ட்குவிஸ்டைப் பிடித்துக் கேட்டான். "அதே இரண்டு மூன்றுதானே அங்கேயும்?" லிண்ட்குவிஸ்ட் நடையை நிறுத்தவில்லை. "ஆமாம். ஆனால் அங்கே யாரையும் பார்க்கக் கூப்பிடவில்லை, வெடிக்காவிட்டாலும் நம்மைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை, வெளியே தெரியாமல் அமுக்கிவிடலாம்." "இது தெரிந்தும் ஏன் நீங்கள் சொல்லவில்லை?" "நீ ஏன் சொல்லவில்லை, சாம்?" என்றார் அவர், குத்தலாக இல்லை, அலுப்பாக. ஏன் சொல்லவில்லை. சோற்றுக்கு முன்னால் பேசக்கூடாது என்ற பழக்கம், பிழையளவு சொல்ல வேண்டும் என்ற பழக்கம், ஆள் இருக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது என்ற சட்டம். எல்லாம் சரி. எல்லாம் பொய்யாகவும் இருக்கலாம். சிறிய வாய்ப்பு உண்டு என்று சொன்னது யார்? விஞ்ஞானியா, இல்லை ஒரு வாரத்தில் யுத்தம் முடிந்தால் செல்வின் புருவத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டு நடையில் வந்து நிற்பான் என்று காத்திருக்கிற பாக்கியத்தின் தம்பியா? அவனுக்குத் தெரியவில்லை. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கேயும் கூட்டம் நடக்கிறது, அங்கேயும் கதவு சாத்தியிருக்கிறது. மிர்ஸ்கி கேட்பான், சொன்னாயா என்று. சொன்னேன். என்ன கேட்டார்கள் என்று கேட்பான். உண்மையைக் கேட்டார்கள், சொன்னேன்.

கூட்டம் மறுபடி கூடியது. திரையை இழுத்துவிட்டார்கள், விசிறி சுற்றியது. ஹார்வுட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், சாப்பாட்டு மேஜையில் நடந்ததற்கு இங்கே எந்தத் தடயமும் இல்லை, குறிப்பெடுப்பவர் அங்கே வரவில்லை. கேட்டால் இப்போதும் சொல்லலாம். கையைத் தூக்கினால் போதும். ஞானாதிக்கம் கையைப் பார்த்தான், கை மேஜைமேல் இருந்தது, அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சாதப் பொட்டலம் மாதிரி அசையாமல் கிடந்தது. இவ்வளவு படித்தது இதற்குத்தானா. தூக்கு. இப்போது தூக்கு. கொஞ்சம் எழும்பியது. "ஆ, டாக்டர்" என்றார் ஹார்வுட், "உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தேன்" என்றார். எழும்பிய கை அப்படியே நின்றது. "எந்த உயரத்தில் வெடித்தால் அதிக வீடுகள் விழும் என்று ஜெனரலுக்குத் தெரியவேண்டுமாம்." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்ட கணக்கு, மரவீடு, செங்கல் வீடு, கொட்டகை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. கேள்வி காதில் விழுந்ததும் எண் தானாக வந்து நாக்கில் நின்றது. சொன்னான். பழக்கதோஷத்தில், "கூடக் குறைய..." என்று ஆரம்பித்தான்.

"பிழையளவெல்லாம் வேண்டாம் டாக்டர்" என்றார் ஹார்வுட் அன்பாக. "ஒரே எண் போதும்."

ஞானாதிக்கம் அந்த ஒரே எண்ணை இன்னொரு தடவை சொன்னான். ஜெனரல் எழுதிக்கொண்டார்.